எந்த மைக் வாங்கலாம் என்று என்னிடம் கேட்காதீர்கள்

போன மாதம் ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். திருச்சிக்காரர். பொறியியல் முடித்து ஒரு வருடம் ஆகிறது. மூன்று பேர் சேர்ந்து பேண்ட் வைத்திருக்கிறார்கள். தமிழில் சொந்தப் பாட்டு, ஏழு தயாராக இருக்கிறதாம். "அண்ணா, கிட்டார் ஆம்ப் ரெக்கார்ட் பண்ண எந்த மைக் வாங்கலாம்? ஒன்றரை லட்சம் வரைக்கும் இஎம்ஐ போட்டுக்கலாம்னு இருக்கோம்" என்று கேட்டு, கீழே மூன்று மைக்குகளின் படத்தை அனுப்பியிருந்தார். அதுவரை சரி. கடைசியில் ஒரு வரி: "மைக் வந்ததும் ரெக்கார்டிங் ஆரம்பிச்சிடுவோம்ணா."

அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. இந்தக் கேள்வியை இந்த வடிவத்தில் கேட்க அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் மேல். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தன். பத்து வருடமாக யார் வந்து கேட்டாலும் மாடல் நம்பராகவே பதில் சொல்லி அனுப்பியிருக்கிறேன். சொல்லும்போது எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. இப்போது அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

இலக்கியக் கூட்டங்களில் இதே கேள்வியின் ஒன்றுவிட்ட தம்பியைப் பார்த்திருப்பீர்கள். கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து, "சார், நீங்க கையால எழுதுவீங்களா, டைப் பண்ணுவீங்களா? எந்த நேரத்துல எழுதுவீங்க?" என்று கேட்பார். எழுத்தாளரும் மகிழ்ந்துபோய் பதில் சொல்வார். கேட்டவர் வீட்டுக்குப் போய் அதே நோட்டை வாங்குவார். நோட்டின் விலை அறுபது ரூபாய் என்பதால் அங்கே யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. கிட்டார் விஷயத்தில் நோட்டு லட்ச ரூபாய்.

முதலில் எதைப் பதிவு செய்யப் போகிறோம் என்பதைப் பார்ப்போம். கிட்டார் ஆம்ப் என்பது வீட்டு ஸ்டீரியோ மாதிரி உள்ளே போனதை அப்படியே வெளியே தரும் பெட்டி கிடையாது. அதுவும் ஒரு வாத்தியம். அதற்குள் இருக்கும் ஸ்பீக்கர் பெரும்பாலும் 12 அங்குலம். காகிதக் கூம்பு, நடுவில் ஒரு சின்னக் குமிழ் மூடி. கிட்டாரின் தடித்த கம்பியைச் சும்மா மீட்டினால் வரும் அடிப்படை அதிர்வு ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸ். மேலே போனால், சாதாரண கிட்டார் ஸ்பீக்கர் 5000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் மளமளவென்று இறங்கிவிடும். அதற்கு மேல் அதனிடம் சொல்ல அதிகம் இல்லை. மனிதக் காது 20,000 வரை கேட்கும், விலை உயர்ந்த கண்டென்சர் மைக்கும் 20,000 வரை பிடிக்கும். ஆனால் ஆம்ப் அங்கே வரவே இல்லை. வராத விருந்தாளிக்கு இலை போட்டு வைத்து என்ன பண்ண?

அடுத்த விஷயத்தை யாரும் சொல்வதில்லை. உயர்ந்த அதிர்வெண்கள் ஒரு 12 அங்குல ஸ்பீக்கரிலிருந்து டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகப் போகும். கீழ் அதிர்வெண்கள் அறை முழுக்கப் பரவும். இப்போது நம் பையன் வாசிக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஆம்ப் தரையில் இருக்கிறது. ஸ்பீக்கரின் நடு தரையிலிருந்து ஒரு அடி உயரம். இவர் நின்றுகொண்டு வாசிக்கிறார், காது ஐந்தரை அடியில். அந்த டார்ச் வெளிச்சம் முழுக்க அவர் முழங்காலில் அடிக்கிறது. வருஷக்கணக்காக அந்த ஆம்பின் கூர்மையான பகுதியைக் கேட்டுவருவது அவருடைய முழங்கால். அவர் காதுக்கு வருவது பக்கவாட்டில் வழிந்த மிருதுவான மிச்சமும் சுவரில் பட்டுத் திரும்பியதும்தான். அந்த மிச்சம் மந்தமாக இருப்பதால் ட்ரெபிள் குமிழை எட்டுக்குத் திருப்பிவைக்கிறார். இப்போது அவர் காதுக்குச் சரியாக இருக்கிறது.

பிறகு ஒரு மைக்கைக் கொண்டுவந்து ஸ்பீக்கருக்கு ஒரு அங்குலம் முன்னால், நடுவில், நட்டு வைக்கிறோம். பதிவைப் போட்டுக் கேட்டால் கண்ணாடியை ஆணியால் கீறுகிற மாதிரி இருக்கிறது. "மச்சான், மைக் சரியில்லடா." இந்த வாக்கியத்தை எத்தனை மொட்டைமாடி அறைகளில் கேட்டிருக்கிறேன்! மைக் பொய் சொல்லவில்லை. முழங்கால் இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்ததை அது முதல்முறையாகக் காதுக்குச் சொல்கிறது. அதற்கு மருந்து ஒன்றரை லட்ச ரூபாய் மைக்கில் இல்லை. குனிந்து, அல்லது ஆம்பைத் தூக்கி நாற்காலியில் வைத்து, ஸ்பீக்கரின் மட்டத்துக்குக் காதைக் கொண்டுபோய்க் கேட்க வேண்டும். சத்தத்தைக் குறைத்துக்கொண்டு கேளுங்கள், காது திரும்ப வாங்க முடியாத பொருள். கேட்டுவிட்டு ட்ரெபிளை மறுபடி திருத்த வேண்டும். இதற்கு ஆகும் செலவு முதுகுவலி.

அதற்குப் பிறகு மைக்கை வைக்கும் இடம். ஸ்பீக்கர் துணிக்குப் பின்னால் எது நடு, எது ஓரம் என்று தெரியாவிட்டால் ஃபோன் டார்ச்சை அடித்துப் பாருங்கள், கூம்பு தெரியும். குமிழ் மூடிக்கு நேர் எதிரே வைத்தால் ஒலி கூர்மை. அங்கிருந்து ஓரத்தை நோக்கி நகர்த்த நகர்த்தக் கூர்மை மழுங்கி, உடம்பு கூடும். இரண்டு விரல்கடை நகர்த்தினாலே வேறு கிட்டாரோ என்று தோன்றும். மைக்கைக் கொஞ்சம் சாய்த்தால் இன்னும் ஒரு மாற்றம். நாம் வழக்கமாக வைக்கும் ஒருபக்க மைக் எதையும் மூலத்துக்கு மிக அருகில் கொண்டுபோனால் கீழ்ஸ்தாயி வீங்கும். மேடையில் மிமிக்ரி செய்பவர்கள் மைக்கை உதட்டில் ஒட்டிக்கொண்டு கனத்த குரல் வரவழைப்பது இந்த வித்தையால்தான். பின்னால் இழுத்தால் அந்த வீக்கம் வடியும், அறை உள்ளே வரும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யாரும் வாசிக்காமல், ஆம்பின் வெறும் 'உஸ்ஸ்' சத்தத்தை மட்டும் கேட்டபடி மைக்கை நகர்த்திப் பாருங்கள். அந்த உஸ்ஸின் நிறம் இடத்துக்கு இடம் மாறுவது வாசிப்பில் கேட்பதைவிடத் தெளிவாகக் கேட்கும். அரை மணி நேர வேலை. மே மாதத்தில், ஃபேனை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் செய்ய வேண்டியிருக்கும் என்பதால் அந்த அரை மணி நேரம் நீளமாகத்தான் தெரியும்.

இதையெல்லாம் சொன்னால் உடனே ஒரு கோஷ்டி எழுந்து நிற்கும். "அதான் நாங்க அப்பவே சொன்னோமே, ஃபிஃப்டி செவன் போதும், மத்ததெல்லாம் ஏமாத்து." இவர்களோடும் எனக்குச் சண்டை இருக்கிறது.

ஷூர் எஸ்எம் 57 நல்ல மைக். விலை பத்தாயிரத்துக்கு முன்பின் இருக்கும். 1965இல் வந்தது. எஸ்எம் என்பது ஸ்டூடியோ மைக்ரோபோன் என்பதன் சுருக்கம். கிட்டார் ஆம்புக்காகச் செய்ததில்லை. தொலைக்காட்சி, வானொலி நிலையங்களில் பேசுகிறவர்களுக்காகச் செய்தது. கேமராவில் பளபளக்கக் கூடாது என்றுதான் அந்த மங்கலான சாம்பல் நிறம். அமெரிக்க அதிபர்கள் 1960களிலிருந்து அந்த மைக்கின் முன்னால்தான் நின்று பேசிவருகிறார்கள். அதை வடிவமைத்த எர்னி சீலருக்கு ராக் இசையே பிடிக்காது என்று அந்தக் கம்பெனிக்காரர்களே எழுதியிருக்கிறார்கள். அடுத்த வருடம் வந்த எஸ்எம் 58, நம் ஊர் மேடைகளில் எல்லோரும் பிடித்துப் பாடும் அந்த உருண்டைத் தலை மைக், உள்ளுக்குள் ஏறத்தாழ இதே சாமான்தான். தலையின் வலை வேறு, அதனால் வாய்க்கும் சவ்வுக்கும் உள்ள தூரம் வேறு.

பேச்சுக்காகச் செய்த ஒன்று கிட்டாருக்கு எப்படிப் பொருந்தியது? அதற்குக் கீழ்ஸ்தாயியில் கொஞ்சம் பஞ்சம், 5000, 6000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்தால் அருகாமையின் வீக்கம் கீழ்ப் பஞ்சத்தைத் தீர்த்துவிடுகிறது. ஸ்பீக்கர் இறங்கத் தொடங்கும் இடத்தில் மைக்கின் மேடு கைகொடுக்கிறது. எவ்வளவு சத்தமாக வைத்தாலும் தாங்கும். கீழே விழுந்தாலும் எடுத்து மாட்டலாம். இத்தனை வருடமாக ராக் பதிவுகளில் கேட்டுக் கேட்டு, மின்கிட்டார் என்றால் இப்படித்தான் ஒலிக்க வேண்டும் என்று நம் காதும் பழகிவிட்டது. நாம் அதைச் 'சரி' என்று உணர்வதில் பாதி பழக்கம். அதை மறைத்துவிட்டு 57ஐ ஒரு மதமாக்கினால், அந்தப் பத்தாயிரம் ரூபாய் மைக்கையும் ஒன்றரை லட்ச ரூபாய் மைக் மாதிரியேதான் வாங்கிவைப்பீர்கள். வாங்கியதும் பிரச்சினை தீர்ந்தது என்று நடுவில் நட்டுவிட்டு டீ குடிக்கப் போவீர்கள். (இந்த மைக்கில் போலிகள் எக்கச்சக்கம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாதி விலைக்குக் கிடைத்தால் சந்தோஷப்படாதீர்கள்.)

இப்போது என் கதை. இதைச் சொல்லாமல் மற்றவர்களைத் திட்டினால் நியாயமாக இருக்காது.

2014இல் நாங்கள் நான்கு பேர். விருகம்பாக்கத்தில் ஒரு மொட்டைமாடி அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஆறு பாட்டு இருந்தது. எங்கள் கிட்டார்காரனிடம் 15 வாட் வால்வு ஆம்ப், ஒற்றை 12 அங்குல ஸ்பீக்கர். 15 வாட்தானே என்று நினைக்காதீர்கள். வால்வு ஆம்பில் அது கீழ்வீட்டு மாமியை மாடிப்படி ஏறவைக்கும் சத்தம். பதிவு செய்யும் பொறுப்பு என்னுடையது. எட்டு மாதமாகச் சேர்த்த பொதுப் பணம் எண்பதாயிரம் என் கணக்கில் இருந்தது. பேஸ் வாசிப்பவனுக்கு தோஹாவில் வேலை கிடைத்திருந்தது. விசா வந்துவிட்டது, டிக்கெட் தேதி மட்டும் பாக்கி.

நியாயமாக அன்றைக்கே இருப்பதை வைத்துத் தொடங்கியிருக்க வேண்டும். வாடகைக்கு மைக் கிடைக்கும். பக்கத்துத் தெருவில் கல்யாணக் கச்சேரிகளுக்கு சவுண்ட் போடும் ஒரு அண்ணன் இருந்தார், டீ வாங்கிக் கொடுத்தாலே இரண்டு மைக் தருவார். ஆனால் நான் அந்த நாட்களில் ராத்திரி இரண்டு மணி வரை மைக் ஒப்பீட்டு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ரிப்பன் மைக் வேண்டும். ஹெண்ட்ரிக்ஸின் கிட்டாரை எடி கிராமர் பேயர்டைனமிக் எம் 160 என்ற ரிப்பன் மைக் வைத்துப் பதிவு செய்தார் என்று படித்திருந்தேன். 57ஓடு ஒரு ராயர் ஆர்-121 சேர்த்து வைத்தால் கிட்டார் 'முடிந்தது' என்று எல்லோரும் சொன்னார்கள். அவை இரண்டும் எட்டாது. எட்டிய ஒன்று இரண்டாம் கையாக வந்தது. என்ன கம்பெனி என்பது முக்கியமில்லை. அறுபத்திரண்டாயிரம். "எதுக்குடா இவ்வளவு?" என்று டிரம்மர் கேட்டான். "ஒரு தடவைதானே பண்றோம், ஒழுங்கா பண்ணுவோம்" என்றேன். அது வந்துசேர மூன்று வாரம் ஆனது. மூன்று வாரமும் நாங்கள் ஒரு நொடிகூடப் பதிவு செய்யவில்லை. மைக் வரட்டும் என்று காத்திருந்தோம்.

ரிப்பன் மைக்கின் உள்ளே ஒரு காந்தத்தின் நடுவில் அலுமினியத் தகடு ஒன்று தொங்கும். தகடு என்பதுகூடப் பெரிய வார்த்தை. ஆர்-121இல் அதன் தடிமன் 2.5 மைக்ரான். நம் தலைமுடி அதைவிட இருபது, முப்பது மடங்கு தடிமன். காற்று பலமாக ஊதினாலே அதற்கு ஆபத்து. கண்டென்சர் மைக்குக்குத் தேவைப்படும் 48 வோல்ட் மின்சாரம், கேபிள் ஒழுங்காக இருக்கும்வரை, இதை ஒன்றும் செய்யாது. கேபிளில் கோளாறு இருந்தால் அந்த 48 வோல்ட் தகட்டை ஒரு உதறு உதறிவிடும். எங்களிடம் இருந்தது இரண்டு சேனல் இன்டர்ஃபேஸ், 48 வோல்ட்டுக்கு இரண்டுக்கும் சேர்த்து ஒரே பொத்தான். பாட்டுக்கு வைத்திருந்த கண்டென்சருக்காக அது ஆனில் இருந்தது. கேபிள் நானே பற்றவைத்தது. ஒரு முனையில் கம்பி ஒன்று தொட்டும் தொடாமலும் இருந்திருக்கிறது. செருகினேன். 'டப்' என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு அந்த மைக்கில் வந்ததெல்லாம் கம்பளிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு யாரோ முனகுகிற சத்தம். தகடு இழுபட்டுத் தொய்ந்துவிட்டது. சரிசெய்ய வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும், அதற்குப் பணமும் இல்லை, நாளும் இல்லை. எட்டு நாளில் பேஸ் வாசிப்பவன் விமானம் ஏறினான்.

அந்த எட்டு நாளில் ஏன் சவுண்ட் அண்ணனிடம் போகவில்லை என்று நீங்கள் கேட்கலாம். டிரம்மர் அப்போதே கேட்டான். எனக்கு அவமானமாக இருந்தது. அறுபத்திரண்டாயிரத்தைத் தொலைத்துவிட்டு, டீக்குக் கிடைக்கும் மைக்கில் பதிவு செய்தால், அந்த அறுபத்திரண்டாயிரம் முதலிலிருந்தே தேவைப்படவில்லை என்று ஆகிவிடும். அதை ஒப்புக்கொள்ளும் தைரியம் எனக்கு இருக்கவில்லை. அவ்வளவுதான் காரணம்.

அந்த ஆறு பாட்டுக்கும் இன்று மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஃபோன் பதிவு. பயிற்சியின்போது யாரோ ஃபோனைத் தண்ணீர் கேன் மேல் வைத்துவிட்டார்கள். நான்கு பாட்டு அதில் இருக்கிறது. 'ஆனாலும் அந்தப் பதிவில் ஒரு உயிர் இருக்கிறது பாருங்கள்' என்று சொல்லப் போகிறேன் என்று நினைத்தால், இல்லை. மோசமான பதிவு. பேஸ் கேட்கவே கேட்காது. டிரம்ஸ் முழுக்க உடைந்த தகரம். கிட்டார் மட்டும் ஓரளவு இருக்கிறது. தண்ணீர் கேன் ஆம்புக்கு நேராக, ஆறடி தள்ளி, ஏறத்தாழ ஸ்பீக்கர் உயரத்தில் இருந்ததுதான் காரணம். அந்த இடத்தில் ஒரு கச்சேரி மைக்கை வைத்திருந்தால் எங்களிடம் ஆறு பாட்டு இருந்திருக்கும். கிட்டார்காரன் இப்போது ஓசூரில் வங்கியில் இருக்கிறான். ஆம்பை விற்றுவிட்டான். நாங்கள் பேசிக்கொள்கிறோம், இதைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

அப்படியானால் மைக்குகளுக்குள் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது. இல்லை என்று சொல்பவர் ஒன்று கேட்டதில்லை, அல்லது விற்கிறார். நல்ல ரிப்பன் மைக் ஆம்பின் மேல்முனையை வெட்டாமல் மழித்துத் தரும். 57இல் காதைக் குத்துகிற அதே இடம் இதில் வெண்ணெய் மாதிரி இறங்கும். முன்னாலும் பின்னாலும் ஒரே மாதிரி கேட்கும் என்பதால் அறையும் உள்ளே வரும். நல்ல அறை என்றால் அது வரம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் சாபம். செனைசர் எம்டி 421க்கு 57ஐவிட அடிவயிறு பெரிது. கண்டென்சரைச் சற்றுத் தள்ளி வைத்தால் ஆம்பும் அறையும் சேர்ந்து கிடைக்கும். ஆனால் ஆம்பின் வாயில் கொண்டுபோய் வைக்கும் முன் அது எவ்வளவு சத்தம் தாங்கும் என்று பாருங்கள். எல்லோரும் கனவு காணும் நாய்மன் யூ 87, குறைப்பான் பொத்தானைப் போடாவிட்டால் 117 டெசிபல் வரைதான் தாங்கும் என்று அதன் தயாரிப்பாளரே சொல்கிறார். முறுக்கிவைத்த ஆம்பின் முன்னால் ஒரு அங்குலத்தில் அதைத் தாண்டுவது பெரிய விஷயமில்லை.

ஆக, வித்தியாசம் உண்டு. ஆனால் அந்த வித்தியாசம் எப்போது காதுக்கு எட்டும்? வாசிப்பவரின் கை, கிட்டார், ஆம்பின் குமிழ்கள், ஸ்பீக்கர், அறை, மைக்கின் இடம் எல்லாம் சரியான பிறகு. அந்த வரிசையில் கடைசி ஆளை முதல் ஆளாக நிற்கவைத்து விலை பேசுவதைத்தான் திட்டுகிறேன். இரண்டு மைக் வைத்தால் இரட்டிப்பு நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கையும் அப்படித்தான். ஒரு மைக்கைவிட இன்னொன்று 17 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், ஒலி அதை அரை மில்லிசெகண்ட் தாமதமாக அடையும். இரண்டையும் ஒரே அளவில் கலக்கும்போது 1000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒன்றை ஒன்று தின்றுவிடும். கிட்டாரின் முகமே இருக்கும் இடம் அது. இரண்டு நல்ல மைக் சேர்ந்து ஒரு கெட்ட பதிவு. 57ஓடு 121 வைப்பவர்கள் இரண்டின் மூக்கையும் ஒட்டவைத்து, சவ்வுகளை ஒரே கோட்டில் நிறுத்த மெனக்கெடுவது இதனால்தான். நான் பார்த்த வீடியோக்களில் அந்த மெனக்கெடல் ஐந்து நொடி வரும், மைக்கின் பெட்டியைத் திறப்பது நான்கு நிமிடம் வரும்.

பெரிய பதிவுகளின் வரலாற்றையும் இந்தக் கடைக்காரக் கண்ணோடுதான் படிக்கிறோம். லெட் செப்பலினின் முதல் ஆல்பத்தை 1968இல் மொத்தம் 36 மணி நேர ஸ்டூடியோ நேரத்தில் முடித்ததாக ஜிம்மி பேஜ் சொல்லியிருக்கிறார். அவர் அழுத்திச் சொன்ன இன்னொன்று, மைக்கை ஆம்பிலிருந்து தள்ளியும் வைக்க வேண்டும், தூரம்தான் ஆழத்தைத் தரும் என்பது. நாம் அதைப் படித்துவிட்டு 'என்ன மைக்?' என்று தேடுகிறோம். எவ்வளவு தூரம் என்று தேடுவதில்லை, தூரத்தைக் கார்ட்டில் போட முடியாது. அதே 1968இல் பீட்டில்ஸ் 'ரெவல்யூஷன்' சிங்கிளுக்கு கிட்டார்களை நேரடியாக மிக்ஸிங் மேசையில் செருகி, மேசையையே கதறவைத்தார்கள். ஆம்பும் இல்லை, மைக்கும் இல்லை. அந்தக் கிட்டார் சத்தத்துக்கு எந்த மைக் வாங்குவீர்கள்?

விற்பவர்களின் சொற்களைக் கவனித்திருக்கிறீர்களா? 'வார்ம்', 'கிரீமி', 'விண்டேஜ் கேரக்டர்'. நம் புத்தகப் பின்னட்டைகளில் 'மண்வாசனை', 'ரத்தமும் சதையுமாக' வருமே, அதே குடும்பம். எதைப் பற்றியும் சொல்லலாம், எதையும் சொல்லாது. கேட்காமலே கேட்ட மாதிரி பேச உதவும். இதே சொற்களை வைத்து நானும் ஒரு ஆளை அறுபத்திரண்டாயிரம் செலவு செய்யவைத்திருக்கிறேன். அந்த ஆள் நான்.

ஆம்பே வேண்டாம், எல்லாம் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆம்ப் சிமுலேட்டர் என்னிடமும் இருக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு ஃபிளாட்டில் வேறு வழியில்லை, ஹவுஸ் ஓனர் ராயரா நாய்மனா என்று கேட்டுக்கொண்டு வரமாட்டார். ஆனால் அதில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் 'கேபினட் இம்பல்ஸ்' ஒவ்வொன்றும் யாரோ ஒருவர், எங்கோ ஒரு அறையில், ஒரு ஸ்பீக்கரின் முன்னால் குனிந்து கேட்டு, மைக்கை விரல்கடை விரல்கடையாக நகர்த்தி, 'இங்கே' என்று முடிவெடுத்து நிறுத்திய ஒரு கணம். அவர் முடிவை நீங்கள் கடன் வாங்குகிறீர்கள். கடன் வாங்குவது தப்பில்லை. ஐந்நூறு கோப்புகளை இறக்கிவைத்துக்கொண்டு ஒரு மாதமாக ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பவருக்கும் மைக் வரட்டும் என்று மூன்று வாரம் காத்திருந்த எனக்கும் என்ன வித்தியாசம் என்றுதான் தெரியவில்லை.

எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், 'எந்த மைக்?' என்ற கேள்விக்குள் ஒரு பயம் ஒளிந்திருக்கிறது. இந்த இடத்தில் நன்றாக இருக்கிறது, இங்கேயே வைப்போம் என்று நானே சொல்ல வேண்டும். சொன்னபிறகு அது நன்றாக இல்லாமல் போனால் பழி என் காதுக்கு. மாடல் நம்பரின் பின்னால் நின்றுகொண்டால் பழி கம்பெனிக்கு. நம்மைப் போன்ற வீடுகளிலிருந்து வந்தவர்களுக்கு இந்தப் பயம் கொஞ்சம் கூடுதல். நல்ல ஸ்டூடியோவில் உட்கார்ந்து நல்ல ஸ்பீக்கரில் கேட்டு வளர்ந்தவர்கள் இல்லை நாம். என் காது சரியா என்பதே எனக்குப் பல வருடம் சந்தேகம். அந்தச் சந்தேகத்தைத்தான் அறுபத்திரண்டாயிரம் கொடுத்து வாயை மூடப் பார்த்தேன்.

தம்பிக்கு இதையெல்லாம் சுருக்கி ஆறேழு செய்தியாக அனுப்பினேன். "இஎம்ஐ வேண்டாம். உங்க வோக்கல் மைக் என்ன?" என்று கேட்டேன். எஸ்எம் 58 என்றார். "அதையே வைங்க. ஆம்பை நாற்காலி மேல ஏத்துங்க. குனிஞ்சு கேளுங்க. இந்த வாரமே ஒரு பாட்டு முடிங்க."

நீல டிக் விழுந்தது. இரண்டு நாள் பதில் இல்லை. கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் ராத்திரி, "சரிங்கண்ணா, ஆனா அந்த மூணுல எது பெஸ்ட்?" என்று ஒரு செய்தி. நான் பதில் போடவில்லை. போடக்கூடாது என்று ஃபோனைக் கவிழ்த்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆடியோ வந்தது. ஒரு நிமிடம் நாற்பது நொடி, கிட்டார் மட்டும். பின்னால் ஃபேன் சத்தம் கேட்கிறது. நடுவில் ஒருமுறை யாரோ கதவைத் திறந்து, "சாப்பிட வரியாடா?" என்கிறார்கள். மைக்கை ஸ்பீக்கர் துணியிலேயே ஒட்டவைத்திருக்கிறார் போல, கீழ்ஸ்தாயி அண்டா மாதிரி உறுமுகிறது. வாசிப்பு நன்றாக இருந்தது. இரண்டாவது சுற்றில் அவர் ஒரு சுரத்தைக் கொஞ்சம் தாமதித்துத் தொட்ட இடத்தை நான்கு முறை கேட்டேன்.

"ரெண்டு இன்ச் பின்னாடி இழுங்க, கொஞ்சம் ஓரமா" என்று அனுப்பினேன். "ஃபேனை ஆஃப் பண்ணுங்க."

"ஓகேண்ணா. வேர்க்குதுண்ணா" என்றார்.